வளைவுல பாதி போனதும் வண்டி வெளிய இழுக்குது – ஆர்15 வி4, தப்பு எங்க?

திருவொற்றியூர்_155:

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி யமஹா ஆர்15 வி4 (155 சிசி பைக்), நாலு மாசத்துல 3,200 கி.மீ. அதுக்கு முன்னாடி ஓட்டினது 110 சிசி ஸ்கூட்டர் மட்டும்தான். நேர் ரோட்டுல ஒரு குறையும் இல்ல. வளைவு வந்தாதான் கை விறைச்சுக்குது. என்ன நடக்குதுன்னு வரிசையா சொல்றேன்.

40, 45 வேகத்துல ஒரு இறுக்கமான திருப்பத்துல நுழைஞ்சா, பாதியில வண்டி வெளிப்பக்கமா அகண்டு போகுது. பயந்து முன் பிரேக்கைத் தொட்டா வண்டி நிமிர்ந்து இன்னும் வெளிய போகுது. இடப்பக்கம் ஓரளவு சாய்க்க வருது, வலப்பக்கம் சுத்தமா வரல. அப்புறம், வளைவுக்குள்ள ஆக்ஸிலரேட்டரைத் திரும்பத் தொறக்கும்போது வண்டி 'டக்'குனு ஒரு உதறு உதறுது.

தினமும் போறது எண்ணூர் விரைவுச் சாலை, மணலி, மாதவரம் ரவுண்டானா. டயர்ல காத்து ரெண்டுலயும் 35, பஞ்சர் கடையில வெச்சது. ரெண்டு மாசம் கழிச்சு ஏலகிரி போக ஆசை. வீடியோவுல பாக்குற மாதிரி சீட்டை விட்டு இறங்கி முட்டியை நீட்டினாத்தான் வண்டி திரும்புமா? எதுல ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணா.

---

ஆர்எக்ஸ்_தண்டையார்பேட்டை:

தம்பி, முட்டியை மறந்துடுங்க. வண்டி வெளிய போறது உங்க கண்ணுக்குத் தெரியறது வளைவுக்கு நடுவுல. தப்பு நடந்து முடிஞ்சது அதுக்கு 30 மீட்டர் முன்னாடி, வேகத்தைக் குறைக்காம விட்ட இடத்துல.

ஒரு கணக்கு பாருங்க. 20 மீட்டர் ஆரம் உள்ள திருப்பம்னு வெச்சுக்குவோம். அதுல 30 கி.மீ. வேகத்துல போக சுமார் 20 டிகிரி சாயணும். 35க்கு 26 டிகிரி. 40க்கு 32. நீங்க சொல்ற 45க்கு 38 டிகிரி! ஸ்பீடோமீட்டர்ல அஞ்சு ஏறினா சாய்வு ஆறு டிகிரி ஏறுது. பழகாத உடம்பு 20 டிகிரி பக்கத்துல 'போதும்'னு நின்னுடும். வண்டிக்கு இன்னும் சாய இடம் இருக்கும், டயர்ல பிடி இருக்கும், நீங்க சாய்க்க மாட்டீங்க. வேகத்துக்குச் சாய்வு பத்தலைன்னா வண்டி பெரிய வட்டம் போட்டுத்தான் ஆகணும். 'வெளிய இழுக்குது'ன்னு நீங்க சொல்றது அதைத்தான். அதனால முதல் ஒரு மாசம் 30க்குக் கீழ நுழைங்க. பிரேக், கியர் ரெண்டையும் வண்டி நிமிர்ந்து இருக்கும்போதே முடிச்சுடுங்க. 5,000, 6,000 ஆர்பிஎம்ல நிக்கிற கியரா பாத்துப் போடுங்க. இந்த எஞ்சின்ல விவிஏ (வால்வு திறக்கிற அளவை மாத்தற அமைப்பு) 7,400 ஆர்பிஎம்ல மாறும். அந்த மாற்றம் வளைவுக்கு நடுவுல வராம இருந்தா ஆக்ஸிலரேட்டர் கைக்குச் சொன்னபடி கேக்கும்.

முன் பிரேக் தொட்டா ஏன் நிமிருது? வண்டி சாஞ்சு இருக்கும்போது டயர் தரையைத் தொடுறது நடுவுல இல்ல, உள்பக்க ஓரத்துல. அந்த ஓரத்துல பிரேக் புடிச்சா சக்கரம் வளைவோட உள்பக்கமா திரும்பப் பாக்கும். ஹேண்டில் உள்ள திரும்பினா வண்டி எழுந்து நிக்கும். எழுந்தா நேராப் போகும். அதாவது பயத்துல கை செய்யற வேலையே உங்களை எதிர்ப்பக்க லாரி முன்னாடி கொண்டுபோய் விடுது. அகண்டு போறது தெரிஞ்சா செய்ய வேண்டியது மூணு: கண்ணை வளைவோட வெளிவாசலுக்கு நகர்த்தணும், ஆக்ஸிலரேட்டரை அதே இடத்துல புடிச்சு வெக்கணும், உள்பக்க ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் முன்னாடி தள்ளணும். அப்பவும் வேகம் அதிகம்னு பட்டா பின் பிரேக்கை மெதுவா. டபக்குனு ஆக்ஸிலரேட்டரை மூடாதீங்க. மூடினா வெயிட் முன் டயர் பக்கம் நகரும், ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன்) அமுங்கும், திரும்பற வேலையோட அந்தச் சுமையையும் முன் டயரே தாங்கணும்.

கண்ணைப் பத்தி ஏன் முதல்ல சொல்றேன்னா, வண்டி நீங்க பாக்குற இடத்துக்குத்தான் போகும். மீடியன் கல்லையே பாத்தா அங்கதான் போவீங்க. மூக்கு, முகவாய் ரெண்டுமே திரும்பணும். கண்ணை மட்டும் ஓரமாத் திருப்பினா பத்தாது.

இப்ப வலப்பக்கம் விஷயம். புதுசா ஓட்டறவங்க நிறைய பேருக்கு இது வருது, காரணம் மணிக்கட்டு. வலது ஹேண்டிலைத் தள்ளறதும் அதே கை, ஆக்ஸிலரேட்டரைத் திருப்பறதும் அதே கை. க்ரிப்பை முஷ்டியா இறுக்கிப் புடிச்சா தள்ளும்போது மணிக்கட்டு மடங்கி ஆக்ஸிலரேட்டரும் கூடவே திரும்பிடும். உடம்பு பயந்து முழங்கையை நேரா நீட்டிப் பூட்டிடும். ஸ்க்ரூ டிரைவர் புடிக்கிற மாதிரி குறுக்கா புடிங்க. சுண்டு விரலும் மோதிர விரலும்தான் பிடிமானம், முழங்கை மடிஞ்சு தரையைப் பாக்கணும். அப்போ தள்ளறது உள்ளங்கையோட அடிப்பாகம், திருப்பறது விரல். ரெண்டு வேலையும் தனித்தனியாப் பிரிஞ்சுடும். வெளிப்பக்கத் தொடையை டேங்கோட ஒட்டிப் புடிச்சா கையில வெயிட் இறங்காது. சரியா இருக்கான்னு பாக்க, நேர் ரோட்டுல ரெண்டு முழங்கையையும் கோழி இறக்கை மாதிரி லேசா அசைச்சுப் பாருங்க. அசைஞ்சா கை தளர்வா இருக்கு.

சாலையில உடம்பு செய்ய வேண்டியது அவ்வளவுதான். தாடையை உள்பக்கக் கண்ணாடிப் பக்கமா கொண்டு போங்க, இடுப்பு சீட்டுலயே இருக்கட்டும்.

---

கோன்செட்_வியாசர்பாடி:

ஓட்டறதுல ஆயிரம் சொல்லலாம். 35/35 காத்தோட எதையும் பழகாதீங்க, தப்பாத்தான் பழகும். ஆர்15க்கு தனியா ஓட்டினா முன்னாடி 29, பின்னாடி 33. வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாத்து உறுதி பண்ணிக்கோங்க. முன் டயர்ல ஆறு பவுண்டு கூடினா தரையைத் தொடுற இடம் சுருங்கிடும், மேம்பால இணைப்பு மேல டயர் அமுங்காம துள்ளும். சாஞ்சு இருக்கும்போது துள்ளினா பிடி போச்சு. காத்து பாக்குறது காலையில, வண்டி நகர்றதுக்கு முன்னாடி. வெயில்ல ஓட்டிட்டு பங்க்ல போய் பாத்தா ரெண்டு மூணு பவுண்டு அதிகமாக் காட்டும், அதை நம்பி இறக்கினா மறுநாள் காலையில குறைவா நிக்கும். பேனா மாதிரி சின்ன கேஜ் ஒண்ணு வாங்கிக்கோங்க.

டயர்ல இன்னும் ரெண்டு. நம்ம ஏரியாவுல நேராவே ஓட்டி ஓட்டி பின் டயர் நடுவுல தட்டையாத் தேஞ்சிருக்கும். ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கா வெச்சுப் பாருங்க. நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்கு ஸ்கேல் ஒட்டி உக்காந்தா டயர் சதுரமாயிடுச்சு. அப்படி இருந்தா சாய்க்க ஆரம்பிக்கும்போது வண்டி முரண்டு பிடிக்கும், அந்த விளிம்பைத் தாண்டினதும் பொத்துனு விழும். 3,200ல அவ்வளவு ஆயிருக்காது, ஆனா பாத்து வெச்சுக்கணும். இன்னொண்ணு, வாட்டர் வாஷ் கடையில டயருக்குப் பாலிஷ் அடிச்சா வேண்டாம்னு சொல்லிடுங்க. பக்கவாட்டுல அடிக்கிறது வழிஞ்சு தரை தொடுற ரப்பர் மேல வரும். நேராப் போகும்போது தெரியாது, முதல் வளைவுல வழுக்கும்.

அந்த 'டக்' உதறல்: ஆக்ஸிலரேட்டர் கேபிள்ல சும்மா திரும்பற இடம் அதிகமா இருக்கும், இல்ல செயின் தொளதொளன்னு இருக்கும். பெரும்பாலும் ரெண்டும் சேந்து இருக்கும். எஞ்சின் ஆஃப்ல க்ரிப்பை மெதுவாத் திருப்பி கேபிள் இழுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எவ்வளவு சும்மா திரும்புதுன்னு பாருங்க. செயினைக் கீழ் வரிசையில நடுவுல தூக்கி இறக்கிப் பாருங்க, சக்கரத்தைக் கால் சுத்து உருட்டி நாலு இடத்துலயும் பாருங்க. ஒரு இடத்துல இறுக்கம், ஒரு இடத்துல தொளதொளன்னா செயின் செட் சமமாத் தேயல. மேனுவல்ல இருக்கிற அளவுக்கு டைட் பண்ணுங்க, அதுக்கு மேல இறுக்காதீங்க.

கோன் செட்டையும் (ஹேண்டில் திரும்பற கழுத்துல இருக்கிற பேரிங்) பாத்துடுங்க. முன் பிரேக்கை அழுத்திப் புடிச்சு வண்டியை முன்னும் பின்னும் தள்ளுங்க, இன்னொரு கையை டேங்குக்கு முன்னாடி கழுத்துல வெச்சுக்கோங்க. 'டொக் டொக்'னு விரல்ல தட்டினா லூஸ். முன் சக்கரத்தைத் தூக்கி வெச்சு ஹேண்டிலை விரலால தள்ளும்போது நட்ட நடுவுல ஒரு பள்ளத்துல விழுற மாதிரி நின்னா பால் ரேஸ் (அந்த பேரிங்ல குண்டு ஓடுற தடம்) அடி வாங்கியிருக்கு. மணலி ரோட்டுப் பள்ளத்துக்கு இது சீக்கிரமே நடக்கும். இந்தக் குறையோட எந்த ஓட்டியும் வளைவுல ஒரே கோட்டுல போக முடியாது.

---

புழல்_பயிற்சி:

பழகும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ரவுண்டானாவில் சுற்றிப் பழகுவது நம் பகுதியில் பலரும் செய்யும் ஆபத்தான வேலை. 40 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள தார் அல்லது கான்கிரீட் தளம் போதும். உரிமையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போங்கள். ஒரு தென்னந்துடைப்பம் எடுத்துக்கொண்டு முதல் பத்து நிமிடம் பெருக்குங்கள். மண் இருக்கும் தரையில் பழகினால் டயரை நம்பவே மாட்டீர்கள்.

நான்கு பழைய டென்னிஸ் பந்துகளைப் பாதியாக வெட்டினால் எட்டு அடையாளங்கள் கிடைக்கும். அவற்றின் மேல் ஏறினாலும் வண்டி வழுக்காது. தண்ணீர் பாட்டில், செங்கல் எதுவும் வேண்டாம். 12 மீட்டர் கயிற்றின் ஒரு முனையை நடுவில் ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் சாக்பீஸால் வட்டம் வரைந்து, எட்டுப் பாதிகளையும் அதன்மேல் சம தூரத்தில் வையுங்கள்.

வட்டத்துக்குப் போவதற்கு முன் இரண்டு பயிற்சிகள். முதலில் பிரேக். 40 வேகத்தில் நேராக வந்து ஒரு கோட்டில் பிரேக் பிடிக்கத் தொடங்கி 11 மீட்டருக்குள் நிற்க வேண்டும். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். லீவர் அதிர்ந்தால் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வேலை செய்கிறது என்று பொருள், பயந்து விட்டுவிடாதீர்கள். இந்த வண்டியின் ஏபிஎஸ் சாய்வைக் கணக்கில் எடுக்காது என்பதால் இந்தப் பயிற்சி நேராகப் போகும்போது மட்டும்.

இரண்டாவது, கவுண்டர் ஸ்டீயரிங். 30 வேகத்தில் நேராகப் போகும்போது வலது உள்ளங்கையால் ஹேண்டிலை மெல்ல முன்னோக்கித் தள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் சாயும். விட்டால் நிமிரும். இடது, வலது என்று மாற்றி மாற்றி இருபது முறை. வேகமாகப் போகும்போது உடம்பை மட்டும் சாய்த்து வண்டியைத் திருப்ப முடியாது, கைதான் திருப்புகிறது என்பது அப்போது கைக்கே தெரியும். ஸ்கூட்டரிலும் இதைத்தான் அறியாமல் செய்துகொண்டிருந்தீர்கள்.

பிறகு வட்டம். இரண்டாவது கியர், கிளட்சைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டர் ஒரே நிலையில். நடுவில் நிற்கும் நண்பர் கைப்பேசியில் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று பார்க்கட்டும். நீங்கள் மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. 12 மீட்டர் ஆர வட்டத்தின் சுற்றளவு 75 மீட்டர். 14 விநாடியில் சுற்றினால் 19 கி.மீ. வேகம், 14 டிகிரி சாய்வு. 11 விநாடியில் சுற்றினால் 25 கி.மீ., 22 டிகிரி. 10 விநாடியில் 27 கி.மீ., 26 டிகிரி. முதல் வாரம் 14 விநாடியிலேயே நில்லுங்கள். ஐந்து சுற்றுகளும் அரை விநாடிக்குள் ஒன்றாக வந்த பிறகுதான் ஒரு விநாடி குறைக்க வேண்டும். ஒரு சுற்று 12, அடுத்தது 14 என்று வந்தால் கை ஆக்ஸிலரேட்டரோடு விளையாடுகிறது. பார்வை கால் வட்டம் தள்ளி, இரண்டு பந்துகளுக்கு அப்பால் இருக்கட்டும். அடுத்த பந்தைப் பார்த்தால் வட்டம் கோணல்மாணலாகும், உடனே தெரிந்துவிடும். இடப்பக்கம் ஐந்து சுற்று, வலப்பக்கம் பத்து. தலை சுற்றினால் நிறுத்துங்கள். மொத்தம் 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், களைத்த கை தவறாகவே கற்கும்.

ஆர்எக்ஸ் அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். பிரேக்கை வளைவுக்கு முன்பே முழுதாக முடிப்பது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் மறுமுனை தெரியாத வளைவில், லீவரில் விரல் கனம் அளவுக்கு அழுத்தம் வைத்தபடி நுழைந்து, சாய்வு கூடக் கூட அதை மெல்ல விடுவதுதான் பாதுகாப்பு. பிரேக்கைச் சட்டென்று விட்டால் ஃபோர்க் மேலெழும்பி, திரும்ப வேண்டிய நேரத்தில் வண்டி சோம்பும். தவிர, உள்ளே ஏதாவது நின்றால் லீவர் ஏற்கெனவே விரலில் இருக்கும். வட்டத்தில் இருபுறமும் 11 விநாடி வந்த பிறகு இதைத் தொடங்குங்கள், அதற்கு முன் வேண்டாம்.

---

ஆர்எக்ஸ்_தண்டையார்பேட்டை:

ஒத்துக்கறேன். நான் சொன்னது முதல் ரெண்டு மாசத்துக்கு. பயத்துல லீவரை அமுக்கற கைக்கு அந்தப் பழக்கத்தை இப்பவே குடுத்தா விழுந்துடும்.

---

திருவொற்றியூர்_155:

ரொம்ப நன்றிண்ணா. இன்னிக்குக் காலையில காத்து பாத்தேன், முன்னாடி 36 இருந்தது. 29/33க்கு இறக்கிட்டேன். செயின் ரெண்டு இடத்துல இறுக்கமா, மத்த இடத்துல லூஸா இருக்கு, சனிக்கிழமை மாத்தறேன். இன்னும் ரெண்டு கேள்வி. தினமும் போற ரோட்டுல எதைப் பாத்து ஓட்டணும்? ஏலகிரி கொண்டை ஊசி வளைவை எப்படி எடுக்கணும்?

---

கொருக்குப்பேட்டை_கிளட்ச்:

நம்ம ரோட்டுல பழக வேண்டியது தரையைப் படிக்கறது. எண்ணூர் விரைவுச் சாலையில கடற்காத்து மணலைக் கொண்டு வந்து ஓரத்துல சேத்துடும், இடது ஓரத்துல ஒட்டிச் சாயாதீங்க. மாதவரம் ரவுண்டானா மாதிரி லாரி திரும்பற இடங்கள்ல ஃபுல் டேங்க் டீசல் அலம்பிச் சிந்தும். காஞ்ச ரோட்டுல அது பளபளன்னு கருப்புப் பட்டையா வளைவோட வளைவாப் போகும், ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினா வாடையே காட்டிக் கொடுக்கும். அது மேல சாயக்கூடாது, நிமிர்த்தித் தாண்டிட்டு அப்புறம் திரும்புங்க. முதல் மழை பெஞ்ச கால் மணி நேரம் இன்னும் மோசம். மெட்ரோ வேலை நடக்கிற இடத்துல போட்டிருக்கிற இரும்புத் தகடு, மூலக்கடை மேம்பாலத்துல வர்ற இணைப்புப் பட்டை, ஜீப்ரா பெயின்ட் எல்லாத்துக்கும் ஒரே விதி: ஈரமா இருந்தா நிமிர்ந்து, ஆக்ஸிலரேட்டர் அசையாம.

கன்டெய்னர் ட்ரெய்லர் திரும்பும்போது அதோட உள்பக்கம் நிக்கவே நிக்காதீங்க. முன்பக்கம் அகலமாத் திரும்பும், பின் சக்கரம் குறுக்கே வெட்டிக்கிட்டு வரும். டிரைவருக்கு அந்த இடத்துல நீங்க தெரிய மாட்டீங்க. வண்டலூர்–மீஞ்சூர் 400 அடி ரோட்டுக்குப் போய் வளைவு பழகலாம்னு யாராவது சொன்னா விட்டுடுங்க. அங்க வேகம்தான் கூடும், வளைவு கிடைக்காது. காசு சேத்து ஒரு நாள் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்ல பயிற்சி வகுப்புக்குப் போங்க. 3.7 கி.மீ., 12 திருப்பம், எல்லாரும் ஒரே திசையில, மணல் இல்ல, மாடு இல்ல. 155 சிசி வண்டி அங்க தாராளமாப் போதும்.

ஏலகிரியில 14 கொண்டை ஊசி. வார நாள்ல காலையில ஏறுங்க. இடப்பக்கக் கொண்டை ஊசிதான் நமக்கு இறுக்கம், உள் ஓரம் செங்குத்தா ஏறும். அங்க இரண்டாவது கியர்ல எஞ்சின் திணறினா வண்டி சாஞ்சபடியே அணைஞ்சு விழும். அதனால முன்னாடியே முதல் கியருக்கு வந்துடுங்க, உள் ஓரத்தை ஒட்டாம உங்க பாதைக்கு நடுவுல ஏறுங்க. பஸ்சுக்கு அந்த வளைவு முழு அகலமும் வேணும். மேலயிருந்து ஹார்ன் கேட்டா கீழயே நின்னு வழி விடுங்க. ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமைங்கிறது விதி, ஆனா பஸ்சுக்கு அங்க நிறுத்தி எடுக்கறது கஷ்டம்.

வலப்பக்க வளைவுல நடுக்கோட்டை ஒட்டி டயரை வெக்கிறதுதான் பெரிய தப்பு. 30 டிகிரி சாஞ்சா உங்க தலை டயர்லயிருந்து முக்கால் மீட்டர் உள்பக்கம் இருக்கும். டயர் கோட்டு மேல இருந்தா தலை எதிர்ப் பாதையில, பஸ் வர்ற இடத்துல. கோட்டுலயிருந்து ஒண்ணேகால் மீட்டராவது தள்ளியே இருங்க.

எவ்வளவு வேகம்னு மீட்டரைப் பாக்காம ரோட்டைப் பாருங்க. ரோட்டோட ரெண்டு ஓரமும் தூரத்துல ஒண்ணா சேர்ற மாதிரி தெரியற புள்ளி ஒண்ணு இருக்கும். அது உங்களை விட்டு ஓடினா வளைவு திறக்குது, மெல்ல ஆக்ஸிலரேட்டர் தரலாம். அங்கேயே நின்னா அதே வேகம். உங்களை நோக்கி வந்தா வளைவு இறுகுது, குறைங்க.

இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க, எஞ்சின் பிடிச்சு நிறுத்தட்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்ச்சுக்கிட்டே வராம, வளைவுக்கு முன்னாடி அழுத்திக் குறைச்சுட்டு விட்டுடுங்க. நாலஞ்சு வளைவுக்கு ஒரு தடவை அகலமான இடத்துல ஓரம் நின்னு முன் லீவரை அழுத்திப் பாருங்க. ஏறுறதுக்கு முன்னாடி அடிவாரத்துல வந்ததை விட ஆழமா உள்ள வந்தா, இல்ல பஞ்சு மாதிரி இருந்தா, பதினஞ்சு நிமிஷம் ஆற விட்டுட்டு இறங்குங்க. தண்ணி ஊத்தி ஆத்தாதீங்க, சூடான டிஸ்க் வளைஞ்சுடும்.